வெக்கைக்கு ஏற்ற உடுப்பு

எங்கள் நைனா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர்மேன். மேலே இருக்கும் பாறை சரியாதபடி மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. தொழிலாளர்களுக்கான லைன் வீட்டிலிருந்து ஷிப்டுக்குக் கிளம்பும்போது சட்டை, பேன்ட், பூட்ஸ், தொப்பி என்று முழுசாகத்தான் போவார். கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் இறங்கி அடிமட்டத்தை எட்டியதும் சட்டையைக் கழற்றிவிடுவார்களாம். பூமிக்குக் கீழே 3 கிலோமீட்டரையும் தாண்டி இறங்கிய சுரங்கம் அது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். குளிரூட்டிய காற்றை அனுப்பியும் வெக்கை அடங்காது. அரை நிஜாரோடு வேலை செய்வார்கள். ஆனால் தொப்பியும் அதில் எரியும் விளக்கும் பூட்ஸும் உடம்பை விட்டுப் போகாது. பாறை எப்போது வெடித்துச் சிதறும் என்று யாருக்கும் தெரியாத இடம்.

எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது என்பதை அங்கே வெக்கையும் பாறையும்தான் முடிவு செய்தன. கோலார் தங்கவயலில் பிறந்த எனக்கு உடுப்பைப் பற்றிய முதல் பாடம் இதுதான்.

பெண்களுக்கு அந்த முடிவே தேவைப்படவில்லை. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாது என்றது. மேற்பரப்பில்கூட காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரைதான். அம்மாக்கள் சங்குச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி மேலேயே இருந்தார்கள்.

நான் பள்ளியில் படித்த தொண்ணூறுகளில், எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பையன்கள் நிறைந்திருக்கும். பெண் பிள்ளை வாசலில் நின்றாலே விரட்டுவார்கள். அண்ணன் எப்போதாவது கேம் செட்டை வாடகைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தால்தான் எனக்குப் பங்கு. 'கான்ட்ரா'வில் சட்டையில்லாத இரண்டு வீரர்கள் சுட்டுக்கொண்டே ஓடினார்கள். 'சூப்பர் மரியோ'வில் கடைசிக் கோட்டையில் ஓர் இளவரசி காத்திருந்தாள். சுரங்கத்துச் சட்டம்தான் இங்கேயும்: இறங்குவது ஆண், காத்திருப்பது பெண். அதை அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வயிற்றில் ஒரு எரிச்சலாக மட்டும் இருந்தது.

அதனால்தான் 'டூம் ரெய்டர்' என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது. 1996இல் இங்கிலாந்தின் டெர்பி நகரிலிருந்த கோர் டிசைன் உருவாக்கிய ஆட்டம். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அதைப் பார்த்தேன். லாரா கிராஃப்ட் தனியாகவே குகைக்குள் இறங்கினாள், தாவினாள், சுட்டாள். அவளைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. அந்தச் சந்தோஷத்தை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு கட்டம் சுரங்கத்துக்குள் நடக்கும். லாரா அங்கேயும் கையில்லாத பனியன், தொடை தெரியும் கால்சட்டை, வெறுந்தலை. விளக்கு கிடையாது. எந்த வெக்கைக்காக அவள் அப்படிப் போனாள்? திரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற பையனின் கண்ணுக்காக என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. விளம்பரங்கள் இன்னும் மோசம். அவளை வடிவமைத்த டோபி கார்டே 1997இல் நிறுவனத்தை விட்டு விலகினார். அவளை விற்ற விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. 2007இல் வந்த 'அன்சார்ட்டட்' நாயகன் நேதன் டிரேக்கும் இடிபாடுகளில் புதையல் தேடுகிறவன்தான். அவனுக்கு முழு ஜீன்ஸும் சட்டையும் கிடைத்தன.

கான்ட்ரா வீரர்களும் அரை நிர்வாணம்தானே என்று அண்ணன் இன்றும் வாதாடுவான். ஆனால் அந்தப் புஜங்கள், தனக்கும் அப்படி இருக்க வேண்டும் என்று விளையாடுகிற பையன் ஆசைப்படுவதற்காக வரையப்பட்டவை. 1986இல் வந்த 'மெட்ராய்ட்' ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கவசத்துக்குள் இருந்த வீரர் ஒரு பெண் என்பது முடிவில்தான் தெரியும். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த உடுப்பில் அவள் நிற்பாள். அவ்வளவு நேரம் சண்டை போட்டவள், கடைசியில் ஆடியவனுக்கான பரிசாக ஆக்கப்பட்டாள். எந்த ஆண் வீரனையும் இப்படிப் பரிசாக உரித்துக் கொடுத்ததை நான் பார்த்ததில்லை.

2001 பிப்ரவரி 28இல் எங்கள் சுரங்கத்தை மூடினார்கள். நிலத்தடியில் பெண்களுக்கு இருந்த தடை 2019இல்தான் தளர்ந்தது. அதுவும் தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் போன்ற வேலைகளுக்கு, பகல் நேரத்தில், எழுத்துமூலச் சம்மதத்தோடு. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. இறங்கச் சுரங்கம் ஏது?

இன்று விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகிற ரயிலில் ஊரே ஏறுகிறது, பெண்கள் உட்பட. அண்ணன் மகளும் அதில்தான் போகிறாள், அனிமேஷன் படிக்கிறாள். பெட்டி முழுக்கப் பெண் பிள்ளைகள் போனில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிறார்கள். வாசலில் நிறுத்தி விரட்ட யாரும் இல்லை. இது பெரிய மாற்றம். ஆனால் அவர்கள் காசு கொடுத்து வாங்குகிற உடுப்புகளைக் காட்டச் சொன்னேன். ஆணுக்கு மார்புக் கவசம். அதே தொகுப்பில் பெண்ணுக்கு இடுப்பு தெரிகிற மேல்துண்டு. "குண்டு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே அத்தே?" என்றாள் அண்ணன் மகள்.

2013இல் லாராவுக்கே நீளக் கால்சட்டையும் சேறும் காயமும் கொடுத்து மாற்றி வரைந்தார்கள். ஆட்டம் நன்றாகவே விற்றது. ஆனால் அடுத்த ஆண்டே, 'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி'யில் ஆடுவதற்குப் பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று கேட்டபோது, அதை உருவாக்கிய யூபிசாஃப்ட் தரப்பு சொன்ன காரணம் அனிமேஷன் வேலை இரட்டிப்பாகும் என்பது. பெண்ணை வரைவது கூடுதல் செலவாம்! தொழில் தெரிந்த அனிமேட்டர்களே அதை மறுத்தார்கள்.

இப்போது அண்ணன் மகள் கல்லூரிக்காக ஒரு சுரங்க ஆட்டம் வரைகிறாள். நைனா சொன்ன கதைகளை என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். ஒரு ஆண், ஒரு பெண், இருவருமே டிம்பர் வேலைக்காரர்கள். ஆழம் கூடக்கூட வெக்கை ஏறும். ஒரு அளவுக்குப் பிறகு இருவருமே சட்டையைக் கழற்றிப் பனியனோடு நிற்க வேண்டும். தொப்பியைக் கழற்றினால் ஆட்டம் முடிந்தது. வகுப்பில் ஒருவர் பார்த்துவிட்டு, பெண் என்று தெரிய இடுப்பைக் கொஞ்சம் ஒடுக்கலாமே என்றாராம். மாற்றட்டுமா என்று என்னிடம் கேட்டாள். மாற்றாதே என்றேன். முட்டு மரத்தைத் தோளில் தூக்குகிறவளின் இடுப்பு எப்படி இருக்கும் என்று, ஆண்டர்சன்பேட்டையில் கட்டட வேலை செய்யும் பெண்களைப் போய்ப் பார்த்து வரையச் சொல்லியிருக்கிறேன்.