எந்தப் பத்திரிகை சார் நீங்க?

2008 வாக்கில் சென்னையில் ஓரளவு சம்பளம் வாங்கியவர்களை ஒரு கேள்வி பிடித்து ஆட்டியது. சட்டைப் பையில் போடுகிற சின்ன டிஜிட்டல் கேமராவா, கழுத்தில் தொங்குகிற டிஎஸ்எல்ஆரா? பெண் பார்க்கும்போதுகூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டோம். எங்கள் வீட்டில் அக்காவும் நானும் ஆளுக்கொரு கட்சி. அக்கா சின்னதை வாங்கினாள், ஒரே மாலையில் வேலை முடிந்தது. நான் மாதக்கணக்கில் படித்தேன்.

கடைக்காரர்கள் அக்கா கட்சி. “இது பத்து மெகாபிக்சல் சார். அது வெறும் ஆறு. அதுக்குப் போய் மூணு மடங்கு காசு குடுக்கிறீங்களே?” கணக்கு சரிதான். அப்போது எல்லோரும் சிபாரிசு செய்த நிகான் டி40, 2006இல் வந்தது, ஆறு மெகாபிக்சல். நாங்கள் அந்தக் கடைக்காரரைப் பார்த்து, விஷயம் தெரிந்தவர்களுக்கே உரிய ஒரு புன்னகை புரிவோம். சின்னக் கேமராவின் சென்சார் சுமார் 5.8க்கு 4.3 மில்லிமீட்டர், ஒரு துவரம்பருப்பு. பெரியதில் இருப்பது 23.7க்கு 15.6. பரப்பளவில் ஏறக்குறைய பதினைந்து மடங்கு. பருப்புக்குள் பத்து மில்லியன் புள்ளிகளைத் திணித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற வெளிச்சம் எவ்வளவு இருக்கும்? கல்யாண மண்டபத்து டியூப்லைட்டில் ஐஎஸ்ஓ 400ஐத் தாண்டினாலே மாப்பிள்ளை முகத்தில் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். சென்சார் சின்னதானால் லென்சின் குவியதூரமும் சின்னது. அதனால் மணப்பெண்ணும் தெளிவு, அவளுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அதே தெளிவு. பின்னணி கரைந்து போவதற்கு ‘பொக்கே’ என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லத் தெரிந்த பிறகு பெரியதை வாங்காமல் இருக்க முடியாது. வாங்கினேன்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, வித்தியாசம் சென்சாரில் மட்டும் இல்லை என்று. மயிலாப்பூர் அறுபத்துமூவர் கூட்டத்தில் அக்கா தன் கேமராவைத் தலைக்கு மேல் நீட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் கண்ணில் வைத்தால் வழி விடுவார்கள். “எந்தப் பத்திரிகை சார் நீங்க?” என்பார் ஒருவர். பதில் சொல்லாமல் அவசரமாக நகர்ந்துவிடுவேன், பத்திரிகைக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று ஒரு நினைப்பு. பூக்காரம்மா தொடுப்பதை நிறுத்திவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொள்வார். நான் எடுக்க வந்ததோ அவர் தொடுப்பதை.

வீட்டிலும் இதே கதை. அந்தக் காலத்து டிஎஸ்எல்ஆர் பலவற்றில் எடுப்பதற்கு முன்னால் திரையில் படம் தெரியாது, கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். பெரியம்மா பின்பக்கம் வந்து பார்த்துவிட்டு, “ஏண்டா, ஒண்ணும் தெரியலையே, கெட்டுப்போச்சா?” என்றார். வீடியோவும் கிடையாது. டிஎஸ்எல்ஆரில் முதன்முதலாக வீடியோ வந்ததே 2008 ஆகஸ்டில், நிகான் டி90இல். அக்காவின் பருப்பு கேமரா அதற்கு முன்பே அப்பாவுடைய பேரனின் குப்புற விழும் வைபவத்தைச் சத்தத்தோடு பிடித்து வைத்திருந்தது. அவள் ஆல்பத்தில் அப்பா சிரிக்கிறார். என் படங்களில் அப்பா பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், பின்னணி மட்டும் அழகாகக் கரைந்திருக்கிறது.

பெரியது நியாயமாகவே ஜெயித்த இடம் ஒன்று உண்டு, தாலி கட்டும் நேரம். சின்னதில் பொத்தானை அழுத்தினால் அது யோசிக்கும், ஃபோகஸ் தேடும், பிறகு எடுக்கும். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதை போட எழுந்தவர்களின் முதுகுதான் படத்தில் இருக்கும். பேட்டரி களைத்திருந்தால் அடுத்த ஃப்ளாஷுக்குள் மாப்பிள்ளை மெட்டி போடவே போய்விடுவார். என்னுடையது அழுத்திய கணத்தில் ‘கிளிக்’. அந்தச் சத்தத்துக்கே பாதிப் பணம் கொடுக்கலாம். சுற்றி நிற்பவர்களுக்குக் கேட்கும் என்பதும் ஒரு வசதி.

ஆனால் சென்னைக் காற்றுக்கு லென்ஸ் என்றால் கொள்ளைப் பிரியம். மழைக்காலத்தில் சும்மா வைத்தால் உள்ளே ஃபங்கஸ் படரும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், அது நீலத்திலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறினால் வாணலியில் வறுத்து மறுபடி நீலமாக்குவது என்று ஒரு சமையல் தொடங்கியது. “கேமராவுக்கு நல்ல டப்பா, ரவைக்கு பிளாஸ்டிக் கவரா?” என்றாள் மனைவி. கேள்வி நியாயமானது. வெளியே கிளம்பினாலும் செலவுதான். பல கோயில்களில் அப்போது கேமராவுக்குத் தனிச் சீட்டு, வீடியோவுக்கு அதைவிட அதிகமாய் இன்னொரு சீட்டு. செல்போனுக்குச் சீட்டு கிடையாது, அதை யார் கேமராவில் சேர்த்தார்கள்? 2007இல் வந்த முதல் ஐபோனில் இரண்டு மெகாபிக்சல், ஃப்ளாஷ்கூட இல்லை. அக்கா கட்சியும் என் கட்சியும் சேர்ந்து சிரித்த ஒரே விஷயம் அது.

2010இல் உலகம் முழுக்கக் கடைகளுக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023இல் அது 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. முதலில் செத்தது அக்கா கட்சி. என் கட்சி கொஞ்ச நாள் இறுமாப்போடு இருந்தது. 2020க்குப் பிறகு கேனானும் நிகானும் புதிதாக ஒரு டிஎஸ்எல்ஆர்கூட வெளியிடவில்லை. கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு ‘மிரர்லெஸ்’ என்று போய்விட்டார்கள்.

கோயிலிலும் நிலைமை தலைகீழ். 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயிலில் தீப்பிடித்த பிறகு அங்கே செல்போனுக்குத் தடை வந்தது. 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் அதைக் கொண்டுவரச் சொன்னது உயர்நீதிமன்றம். சீட்டே இல்லாமல் உள்ளே போன போனுக்கு இப்போது டோக்கன். பூங்கா வாசல் செக்யூரிட்டி மட்டும் மாறவில்லை. பக்கத்தில் ஒருவர் போனில் 4கே வீடியோ எடுத்துக்கொண்டே உள்ளே போவார். என்னுடைய ஆறு மெகாபிக்சலைப் பார்த்ததும், “புரொஃபஷனல் கேமரா அலவ்டு இல்ல சார்.” இன்றைக்கும் என்னை அந்த மரியாதையோடு நடத்துகிறவர் அவர் ஒருவர்தான்.

போன மாதம் அக்கா மகள் வந்தாள். “மாமா, அம்மாவோட அந்தக் குட்டி கேமரா உங்க வீட்டுலதானே இருக்கு?” போனில் எடுத்தால் எல்லாம் ‘ரொம்ப க்ளீனா’ இருக்கிறதாம். அவளுக்கு வேண்டியது முகத்தில் அறையும் ஃப்ளாஷ், சிவப்புக் கண், புள்ளி புள்ளியான இருட்டு. நாங்கள் காசு கொடுத்துத் தப்பி ஓடிய அத்தனையும்! போன் கணக்குப் போட்டுச் செய்கிற பொக்கேயை அவள் அணைத்து வைத்திருக்கிறாள், அது ‘அங்கிள்ஸ்’ சமாசாரமாம். 2016இல் வந்த சின்னக் கேமரா ஒன்றைக் கேனான் 2025இல் லேசாக மாற்றி மறுபடி விற்பனைக்கு விட்டிருக்கிறது என்றும் சொன்னாள். “சிசிடி கலர் மாமா, அதுதான் வேணும்.” என்னுடையதும் சிசிடி சென்சார்தான் என்று சொல்லி டப்பாவைத் திறந்து கொடுத்தேன். ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, “கை வலிக்கும் மாமா” என்று திரும்ப வைத்தாள்.

சின்னதை எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே ஒரு கல்யாணத்துக்கு வந்தாள். மேடையில் இரண்டு மிரர்லெஸ், ஒரு டிரோன், கீழே அத்தனை கையிலும் போன். இவள் பெரியம்மா முன்னால் நின்று பளீரென்று ஒரு ஃப்ளாஷ் அடித்தாள். பெரியம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்தக் கேமராவைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏண்டா, கொழந்த கையில ஒரு போன் இல்லையா? அவ அப்பாவுக்கு வேலை கீலை போயிடுச்சா?”