காடிக்குள்ளே ஒரு கிராணி

வாங்க துரை, வாங்க. என்னோட மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போய் வர்றீங்களே, உங்க காடி என்னாச்சு? அந்த மோட்டார் நம்ம குரூண்ல செஞ்ச மொடேனாஸ் கிரிஸ். உதைச்சா எழுந்திரிச்சுடும். உங்க ஹைபிரிட்டை உதைச்சா கால்தான் வலிக்கும்.

கோவிச்சுக்காதே பேராண்டி, உக்காரு. கோப்பி குடி.

2011லேர்ந்து 2013 முடியிற வரைக்கும், 2,000 சிசிக்கு உட்பட்ட இறக்குமதி ஹைபிரிட்டுகளுக்கு அரசாங்கம் இறக்குமதி வரி, கலால் வரி ரெண்டையும் விட்டுக் குடுத்துச்சு. அப்ப வந்த காடிக்கெல்லாம் இப்ப வயசு பத்தைத் தாண்டிடுச்சு. வீட்டுல ஒரு கிழவன் போதாதுன்னு நீ இன்னொரு கிழவனையும் வாங்கியாந்து வாசல்ல நிறுத்தியிருக்கே. வாங்கறப்ப எஞ்சினைப் பார்த்தே, பேட்டரியைக் கேட்டே, சீட்டுத் தோலைக்கூடத் தடவிப் பார்த்தே. எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் நடுவுல ஒரு அலுமினியப் பெட்டி இருந்துச்சே, அதை ஒரு வார்த்தை விசாரிச்சியா?

நான் தோட்டத்துல ரப்பர் பால் வெட்டின காலத்துல எனக்கு இங்கிலீஷ் வராது. தோட்டத்துத் துரை பேசுற தமிழு துரைக்கே புரியாது. நடுவுல கிராணி இல்லேன்னா மாசக் கடைசியில ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். உன் காடியில அந்தக் கிராணிதான் பவர் கன்வெர்ட்டர். பேட்டரி குடுக்கிறது ஒரே திசையில ஓடுற கரண்டு. சக்கரத்தைச் சுத்துற மோட்டார் கேக்கிறது திசை மாறி மாறி ஓடுற கரண்டு. விளக்கும் ஹாரனும் கேக்கிறது வெறும் 12 வோல்ட்டு. மூணு பேருக்கும் மூணு பாஷை.

2009ல வந்த டொயோட்டா ப்ரியஸையே எடுத்துக்க. பேட்டரி 201.6 வோல்ட்டு. மோட்டாருக்குப் போறப்ப அது 650 வரைக்கும் ஏறுது. எப்படின்னு கேக்க மாட்டியே! லயத்துல பொதுக் குழாய் இருந்துச்சு. தண்ணி வேகமா வர்றப்ப பட்டுனு திருகி மூடினா பைப்பு 'டம்'முனு அதிரும். ஓடுற தண்ணிக்குத் திடீர்னு நிக்கத் தெரியாது, அந்த ஆத்திரம் அழுத்தமா ஏறும். கம்பிச் சுருள்ல ஓடுற கரண்டும் அப்படித்தான். சுவிட்சு அதை வெட்டிவிட்டா வோல்ட்டு எகிறும். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி, எகிறினதைச் சேர்த்து வச்சு மோட்டாருக்கு அனுப்புறாங்க.

அதுக்காகச் சும்மா கிடைச்ச லாபம்னு நினைச்சுக்காதே. பால் வாளியில தண்ணி ஊத்தினா அளவு ஏறும், கிராணி பாலோட கெட்டியைப் பார்க்கிற மெட்ரோலாக்கை மிதக்க விட்டா குட்டு உடைஞ்சிடும். சரக்கு அதேதான். வோல்ட்டு ஏறினா ஆம்பியர் இறங்கும். ஆம்பியர் குறைஞ்சா கம்பியில வீணாப் போற சூடு குறையும். லாபம் அம்புட்டுதான்.

அடுத்தது இன்வெர்ட்டர். உன் பாட்டியும் அவ தங்கச்சிகளும் மூணு உலக்கையால ஒரே உரல்ல நெல்லு குத்துவாங்க. ஒண்ணு இறங்கறப்ப ஒண்ணு ஏறும், ஒண்ணு பாதியில நிக்கும், உரலுக்கு ஓய்வே இருக்காது. ஆறு சுவிட்சு சேர்ந்து மோட்டாருக்கு அப்படித்தான் மூணு முறை வச்சுக் குத்துது. நீ பிரேக் மிதிச்சா கணக்கு தலைகீழா எழுதப்படும். மோட்டார் ஜெனரேட்டராகி, கரண்டு திரும்பிப் பேட்டரிக்குப் போகும்.

இப்ப உன் கதைக்கு வருவோம். சாதாரணக் காடியில சின்ன பேட்டரியை ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணும். உன் காடியில ஆல்டர்னேட்டரே கிடையாது. பெரிய பேட்டரியிலேர்ந்து இறக்கி, சின்னதுக்கு ஊட்டறதும் ஒரு கன்வெர்ட்டர்தான். நீ ரெண்டு வாரம் பினாங்குக்குப் போயிட்டே. காடி தூங்கிச்சு, சின்ன பேட்டரி காலியாச்சு. பெரிய பேட்டரியோட கதவைத் திறக்கிற ரிலேவுக்கு அந்த 12 வோல்ட்டுதான் சாவி. உள்ளே அண்டா நிறையச் சோறு, சாவி இல்லாம வாசல்ல பட்டினி! இதுக்குப் போய் 'பெரிய பேட்டரி போச்சு'ன்னு எவனோ ஒருத்தன் ஆயிரக்கணக்குல வெள்ளி கேட்டான், நீயும் தலையாட்ட இருந்தே.

கிராணின்னா கமிஷன் இல்லாமலா? இந்தக் கன்வெர்ட்டர் கிராணி அதைச் சூடா எடுத்துக்குவாரு. அதனாலதான் பல ஹைபிரிட்டுல இன்வெர்ட்டருக்குன்னு தனியா ஒரு கூலண்டு, தனி பம்பு. சூட்டை அலட்சியமா நினைக்காதே. 2014 பிப்ரவரியில டொயோட்டா உலகம் முழுக்க 19 லட்சம் ப்ரியஸைத் திரும்பக் கூப்பிட்டுச்சு. வோல்ட்டை ஏத்துற கன்வெர்ட்டரோட மென்பொருள் சரியில்லாம டிரான்சிஸ்டர் சூடேறிக் கெட்டுப் போகலாம்னு கண்டுபிடிச்சதுதான் காரணம்.

இந்தச் சூட்டுக்கு வைத்தியம் எங்க நடக்குதுன்னு தெரியுமா? நம்ம குலிம்ல! 2024 ஆகஸ்ட் 8ஆம் தேதி இன்ஃபினியன் கம்பெனியோட புதுத் தொழிற்சாலையைப் பிரதமர் அன்வார் திறந்து வச்சாரு. ராஜேந்திர சோழன் படை கட்டிக்கிட்டு வந்த இதே கடாரத்துக்கு ஜெர்மன்காரன் முதல் கட்டமா 200 கோடி யூரோ கட்டிக்கிட்டு வந்திருக்கான். தோசை அளவு, 200 மில்லிமீட்டர் வில்லையில, சிலிக்கான் கார்பைடு சுவிட்சு. வழக்கமான சிலிக்கானை விடச் சூட்டைத் தாங்கும், கமிஷனும் கம்மி.

சிலிக்கான் கார்பைடுன்னதும் வாயைப் பிளக்காதே. நான் உளி தீட்டின கல்லைக் கொண்டா. கார்போரண்டம் கல்லுன்னு சொல்லுவோமே, அது வேற எதுவும் இல்ல, இதேதான். 1954லேயே மெட்ராஸ்ல முருகப்பா குடும்பம் இந்தச் சாணைக்கல்லுக்கு ஒரு கம்பெனியே தொடங்கிச்சு. நான் அந்தக் கல்லுல உளியைத் தீட்டினேன். உலகம் இப்ப அதுலயே கரண்டைத் தீட்டுது. ஆனா உளியோ காடியோ, தீட்டாதவனுக்கு ரெண்டும் மொட்டைதான்.

அதனால மூணு சொல்றேன், காதுல போட்டுக்க. ஆரஞ்சு நிறக் கம்பி தெரிஞ்சா கைய பாக்கெட்டுல வச்சுக்க. பட்டனை அணைச்சாலும் உள்ளே கொஞ்ச நேரம் கரண்டு தங்கும், அது படிச்ச மெக்கானிக் வேலை. ஊருக்குப் போனா வாரத்துக்கு ஒரு தடவையாவது காடியை எழுப்பி வைக்கச் சொல்லி என்கிட்ட சாவியைக் குடு. மூணாவது, எஞ்சினுக்குத் தண்ணி பார்க்கிற மாதிரி இன்வெர்ட்டருக்கும் பாரு.

கோப்பி முடிஞ்சிருச்சா? போய் அந்தச் சின்ன டப்பாவுல கூலண்டு எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பார்த்துட்டு வா. மூடியைத் திறக்காதே, வெளியிலேர்ந்தே தெரியும்.