எருமைக்குப் பேரில்ல, நாய்க்குப் பேருண்டு

அழு பேராண்டி, வேண்டாங்கல. கும்பாவுல ஊத்தி வச்ச கம்மங்கஞ்சியைக் குடிச்சுட்டு அழு. நீ பட்டினி கெடந்தா உன் நாய் சிம்பா எந்திரிச்சு வந்துரும்னா, உங்க ஆச்சியும் நானும் சேந்தே பட்டினி கெடப்போம்.

மெட்ராசுலேருந்து வந்து எறங்குனதுலேருந்து அந்தப் போனையே தடவிக்கிட்டுக் கெடக்குற. நாய் தூங்குற போட்டோ, நாய் முழிச்ச போட்டோ, நாய் மறுபடி தூங்கப் போற போட்டோ. பெரியப்பன் செத்ததுக்கு வந்துட்டு அன்னைக்கு ராத்திரியே ரயிலைப் பிடிச்ச பய, நாய்க்கு வாரக்கணக்குல லீவு போட்டிருக்கான்னு சாவடியில பேச்சு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நீ ஊருக்கு வந்தா பெரியப்பன் என்னைக்காவது வாசல் வரைக்கும் ஓடியாந்து மேல ஏறி மூஞ்சியை நக்குனானா? திண்ணையில கெடந்தபடியே "எப்பக் கெளம்புற?"ன்னுதான கேப்பான்? அதுக்கப்புறம் சாவடியில ஒருத்தனும் வாயைத் தெறக்கல.

"ஒரு நாய்க்கா இம்புட்டு?"ன்னு எவனாவது கேட்டா, திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூருக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்து அனுப்பு. அங்க ஒரு நடுகல் நிக்குது. மகேந்திரவர்மப் பல்லவன் பட்டத்துக்கு வந்த 34ஆம் வருசம் வெட்டுன எழுத்து; இன்னைக்குச் சுமார் 1400 வருசம் ஆச்சு. தன்னோட எருமைகளைக் காக்கப் போயி கருந்தேவக்கத்தின்னு ஒரு ஆளு விழுந்துட்டான். அவனோட நாய் ரெண்டு கள்ளனைக் கடிச்சு, காவல் நின்னுச்சு. நாய் பேரு கோவிவன். ஆளைச் செதுக்குன கல்லுலயே நாயையும் செதுக்கி, பேரையும் வெட்டி வச்சிருக்காங்க. நல்லாக் கவனி: கள்ளனுக்குப் பேரில்ல. எருமைக்குப் பேரில்ல. நாய்க்குப் பேருண்டு. கல்லுல எழுத்து வெட்டுறவனுக்குக் கை நோவும்யா. சும்மா எவனும் வெட்டமாட்டான்.

தருமர் நாயோட சொர்க்கத்துக்குப் போன கதையை நான் எடுக்கமாட்டேன், உனக்கு ஆறுதல் சொல்ல வாரவன் எல்லாம் அதைத்தான் எடுப்பான். அதுவும் போக, அந்த நாய் கடைசியில நாயே இல்ல, தருமதேவதை போட்ட வேசம். உன் சிம்பா கடைசி வரைக்கும் நாயாவே இருந்துச்சு. அதான் பெருசு.

ஆனா எடுத்தனூருக்காரனைப் பத்தி எனக்கு ஒரு யோசனை உண்டு. கல்லை நட்டு, பொங்கல் வச்சு, அழுது முடிச்சு வீட்டுக்குப் போனாங்கள்ல, எருமைகளை யார் காவல்ல விட்டுருப்பாங்க? கல்லுக்கிட்டயா? அது கல்வெட்டுல கெடையாது, என் ஊகம்தான். எருமை வச்சிருந்தவன் இன்னொரு நாய் வளக்காமயா இருந்திருப்பான்?

நீ என்னடான்னா சென்மத்துக்கும் இனி நாய் வளக்கமாட்டேன்னு ஆச்சி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனியாமே. அவ "சரிப்பா, சரிப்பா"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிச் சிரிச்சா. இதே சத்தியத்தை அவ என் வாயால எத்தனையோ தடவை கேட்டவ. சிம்பா மேல உள்ள விசுவாசத்துலதான் வேண்டாங்குறோம்னு நெனைக்கிற. இல்ல பேராண்டி, அது பயம். பத்துப் பதினோரு வருசம் கூத்தும் கும்மாளமும். கடைசியில ஒரு மாசம் நரகம். அந்த ஒரு மாசத்துக்குப் பயந்துக்கிட்டு மிச்சத்தையும் வேண்டாங்குற. பயம்னு ஒத்துக்க, நான் ஒண்ணும் சொல்லல. பயப்படாத மனுசன் உண்டா? விசுவாசம்னு அதுக்கு வேட்டி கட்டி விடாத.

ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருறது எதுக்குன்னும் எனக்குத் தெரியும். கிட்னி போச்சு, சோறு எறங்கல, குடிச்ச தண்ணியும் வாந்தியாப் போச்சு, இனி முடியாதுன்னு டாக்டர் சொல்லி, மயக்க மருந்தைக் கூட்டிப் போட்டு அனுப்பி வச்சாங்க. காயிதத்துல கையெழுத்துப் போட்டது நீ. இந்த எடத்துல நான் கேலி பேசமாட்டேன். எங்க காலத்துல நாய்க்கு முடியாமப் போனா படப்புக்குப் பின்னால போயிப் படுத்துக்கிடும், இல்ல ஓடைப்பக்கம் போயிரும். "நல்ல நாய் வீட்ல சாகாது"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் காட்டுக்குப் போயிருவோம். அது எம்புட்டு நேரம் நோவுல கெடந்துச்சுன்னு ஒருத்தனும் போயிப் பாக்கல. பாக்காததுனால எங்களுக்குத் தூக்கம் வந்துச்சு. நீ தலையை மடியில வச்சுக்கிட்டுப் பாத்த. உனக்கு வராதுதான். வரும், மெல்ல வரும்.

சரி, கேலிக்கு வருவோம். நாயே வேண்டாம்னு சத்தியம் பண்ணுன மறுநாள் ராத்திரி போனுல என்னய்யா தேடுன? மஞ்சக் கலர் லாப்ரடார் குட்டி. ஆச்சி பாத்துட்டா. அவளுக்குத்தான் படிக்கத் தெரியாது, படம் பாக்கத் தெரியும். அதே நெறம், அதே மூக்கு. பேரும் சிம்பாதான வைக்கப் போற? மேலத்தெருவுல ஒருத்தன் இப்படித்தான் பண்ணுனான். மாடு பத்துற நாய் செத்துச்சுன்னு அதே நெறத்துல ஒண்ணு புடிச்சாந்து, அதே பேர் வச்சு, பழைய கழுத்துப்பட்டையையும் மாட்டி விட்டான். இந்தப் புதுசு நெழலு கண்ட எடத்துல படுக்குற சாதி. "அது இருந்தா இந்நேரம் மாடு தொழுவுல நிக்கும்"னு பொழுதன்னைக்கும் இதுக்கிட்டப் பொலம்பல். ரெண்டாந்தாரத்துக்கிட்ட மூத்தவ வச்ச ரசத்தைப் பத்திப் பேசுறவனுக்கு என்ன கெதியோ, அதே கெதிதான் அவனுக்கும். நாய் ஒரு நாள் டீக்கடைக்காரன் வீட்டுக்குக் குடிபோயிருச்சு. அங்க வேற பேரு, கூப்பிட்டா ஓடியாருது.

நம்ம பக்கத்து நாயா வாங்கலாம்னு அடுத்தாப்புல ஒரு கௌரவம் வரும். வரட்டும். ராசபாளையம் நாய்க்கு 2005ல கவர்மெண்டு தபால்தலையே போட்டுச்சு, உங்க தாத்தனுக்குக்கூடப் போடல. ஆனா வெள்ளைவெளேர்னு வேணும்னு ஒத்தக்கால்ல நிப்பாங்க பாரு, அந்த வெள்ளையில பெறவிச் செவிடு உண்டு. குட்டிக்குப் பின்னால நின்னு, அது பாக்காதபடிக்குக் கையைத் தட்டு, திரும்புதான்னு பாரு. செவிட்டு நாயை வளக்கக்கூடாதுன்னு இல்ல. தெரிஞ்சு வளக்கணும், இல்லாட்டி சொன்ன பேச்சு கேக்கலைன்னு போட்டு அடிப்ப. சிப்பிப்பாறையா? அது காடு காடா முயல் வெரட்டுறதுக்குப் பொறந்த நாய். மூணாவது மாடியில டிவிக்கும் சோபாவுக்கும் நடுவுல கட்டிப்போட்டா, மொத வாரமே சோபா போயிரும்.

உன் ஃப்ளாட்டுக்குக் கீழயே எத்தனை தெருநாய் கெடக்கு! காது நுனியில வெட்டு இருக்குற நாயைப் பாத்திருப்ப. யாரோ வம்புக்கு அறுத்தது இல்ல அது, கருத்தடை பண்ணுனதுக்கு அடையாளம். வளந்த நாயா எடுத்தா எம்புட்டு ஒசரம் வரும், யாரைக் கண்டா குரைக்கும்னு முன்னமே தெரிஞ்சுபோகும். கொஞ்ச நாளைக்குக் கட்டிலுக்கு அடியிலேயே கெடக்கும். இழுக்காத. சோத்தை வச்சுட்டு உன் சோலியைப் பாரு.

குட்டியா எடுத்தா மெனக்கெடணும். ஆறு எட்டு வாரத்துல மொத ஊசி. பெறகு மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா நாலு மாசம் வரைக்கும். வெறிநாய்க்கடி ஊசி மூணாவது மாசத்துல. அது முடியாம தெருவுல விடாத. குட்டி ரத்தமாப் பேதி போயிச் செத்த வீட்டுல அடுத்ததும் செத்தா, "இந்த வீட்டுக்கு நாய் ராசியில்ல"ம்பாங்க. ராசியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. பார்வோங்குற கிருமி தரையிலயும் மண்ணுலயும் மாசக்கணக்காக் கெடக்கும். ப்ளீச்சிங் போட்டுக் கழுவி, ஊசியெல்லாம் முடிஞ்ச நாயாக் கூட்டியாரணும். உனக்கு அந்தத் தொந்தரவு இல்ல, சிம்பா வயசாகிப் போனது.

எப்ப எடுக்கணும்னு ஆளுக்கொண்ணு சொல்லுவான். வருசத் திதி முடியட்டும்பான் ஒருத்தன். நாளைக்கே எடு, மனசு மாறும்பான் இன்னொருத்தன். ரெண்டு பேருல ஒருத்தனும் உன் வீட்டு மூத்திரத்தைத் தொடைக்க வரமாட்டான். நான் பாக்குறது ஒண்ணுதான். குட்டியைக் கண்டதும் "சிம்பா மாதிரியே இருக்கு"ன்னு வாயில வந்தா, பேசாம வீட்டுக்குப் போயிரு. "இது என்னடா இப்படிக் கிறுக்கா இருக்கு"ன்னு சிரிப்பு வந்துச்சுன்னா அப்பப் பேசலாம்.

அது கெடக்கட்டும். ஆடி அமாவாசைக்கு நான் சதுரகிரி மலை ஏறப் போறேன். ஆச்சியும் வாரேங்குறா. தொழுவுல நம்ம நாய் வெள்ளச்சி குட்டி போட்டு மூணு வாரமாச்சு, அவளுக்கு யார் கஞ்சி ஊத்துறது? உனக்குத்தான் நாய் வேண்டாமே, அதனால உன்னை நம்பி விட்டுட்டுப் போறேன். பால் குடுக்குற தாய்க்கு எப்பவும் போடுறதைக் காட்டிலும் ரெண்டு மூணு பங்கு வேணும். வெங்காயம் பூண்டு போட்ட கொழம்பை ஊத்திராத, நாய்க்கு ஆகாது. குட்டிகளை எட்டு வாரம் ஆகாம எவனுக்கும் தரமாட்டேன், நீ கேட்டாலும். நீதான் கேக்கமாட்டியே.

காது ஒண்ணு மடிஞ்ச பழுப்புக் குட்டி ஒண்ணு கெடக்கு, செருப்பைக் கண்டா விடாது. அதுக்கு மட்டும் பேர் கீர் வச்சிராத. போன ஈத்துல உன்னைய மாதிரியே வேண்டாம் வேண்டாம்னு வந்த ஒரு பய பேர் வச்சான். நான் மலை எறங்கி வந்து பாத்தா குட்டியுமில்ல, கட்டில்ல கெடந்த என் கம்பளியுமில்ல.