நெல்லைப் படிக்க நிலத்தை விற்கலாமா?

இல்லத்தரசி, பென்னலூர்: மகள் வேளாண்மையில் எம்.எஸ்சி. முடித்துவிட்டாள். உணவுப் பாதுகாப்பு பற்றி வெளிநாட்டில் பிஎச்.டி. செய்ய ஆசை. மிச்சமிருக்கும் அரை ஏக்கர் கழனியை விற்றுவிடலாமா?

சோற்றைப் பற்றிப் படிக்கக் கழனியை விற்பதா? பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், அம்மா. பிஎச்.டி.க்கு நாம் பணம் கட்டிப் போகக் கூடாது. அவர்கள் பணம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். நெதர்லாந்தில் ஆய்வு மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் சம்பளக்காரர். அமெரிக்காவில் பேராசிரியரின் திட்டத்தில் உதவியாளரானால் கட்டணம் தள்ளுபடி, மாதாமாதம் கையிலும் ஏதோ வரும். ஆனால் ஒரே நாட்டை நம்ப வேண்டாம். 2025ல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் மூடப்பட்டதும், அதன் பணத்தில் ஓடிய பல உணவு ஆய்வுத் திட்டங்கள் அங்கே படுத்துவிட்டன. ‘சீட் உண்டு, செலவு உங்களுடையது’ என்று மெயில் வந்தால், அடுத்த பேராசிரியருக்கு எழுதச் சொல்லுங்கள்.

ஆபரேட்டர், ஒரகடம்: நாலு பக்கமும் கார் கம்பெனி. இங்கே எதற்கு சார் சோற்று ஆராய்ச்சி?

மூன்று ஷிப்ட் கேண்டீனிலும் ஸ்பேர் பார்ட்ஸா பரிமாறுகிறார்கள்?

கூலித் தொழிலாளி, வல்லம்: நிலமில்லாதவன் பிள்ளைக்கு அரசாங்கம் ஏதாவது தருமா?

தரும். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை, ஆண்டுக்கு 125 பேருக்கு. அதில் 115 இடம் பட்டியல் சாதியினருக்கு, சீர்மரபினருக்கு 6. நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் சேர்த்து நாடு முழுக்க 4. ஆமாம், நாலே நாலு! குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள் இருக்க வேண்டும். 2022ல் விதியை மாற்றி, இந்திய வரலாறு, பண்பாடு பற்றி வெளிநாட்டில் ஆராயப் பணம் கிடையாது என்றார்கள். நல்லவேளை, நெல்லை விட்டுவைத்தார்கள்.

மாணவர், ஸ்ரீபெரும்புதூர்: விண்ணப்பத்தில் ‘உலகப் பசியை ஒழிப்பேன்’ என்று எழுதலாமா?

எழுதலாம், படிக்கிறவர் கொட்டாவி விடுவார். அதைவிட ஏரிக்கரைக்கு ஒரு நடை போங்கள். மதகைத் திறந்தால் முன்பு எத்தனை ஏக்கர் பாய்ந்தது, இப்போது கால்வாய் எந்தக் காம்பவுண்டுச் சுவரில் முட்டி நிற்கிறது, மிச்சமிருக்கும் கழனிக்காரர் வீட்டில் கொதிப்பது சொந்த நெல்லா, ரேஷன் அரிசியா என்று விசாரித்து எழுதுங்கள். கொட்டாவி நின்றுவிடும்.

ஓய்வுபெற்றவர், காஞ்சிபுரம்: உதவித்தொகையில் போனவன் எவனாவது திரும்பி வந்திருக்கிறானா?

கும்பகோணத்துக்காரர் ஒருவர் வந்தார். பெயர் எம்.எஸ்.சுவாமிநாதன். கைக்கு வந்த ஐ.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு, 1949ல் யுனெஸ்கோ உதவித்தொகையில் நெதர்லாந்து போனார். ஆராய்ந்தது நெல்லை அல்ல, உருளைக்கிழங்கை! கேம்பிரிட்ஜில் 1952ல் டாக்டர் பட்டம். பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சினில் வேலை கொடுத்தும் மறுத்து, 1954ல் ஊர் திரும்பினார். 1987ல் முதல் உலக உணவுப் பரிசு. அந்தப் பணத்தில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் தரமணியில் இருக்கிறது. ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.