எலி மருந்தும் மீன் மருந்தும்

கேள்வி: ரத்தத்தைத் தண்ணீராக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். நிஜமாகவே தண்ணீராகிவிடுமா? (வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: ஆகாது. பாலில் தண்ணீர் கலக்கிற கதையல்ல இது. உறை ஊற்றியும் பால் தோயாத கதை.

கேள்வி: வார்ஃபரின் எலி மருந்தாமே? (வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: ஆமாம் அம்மா. 1948-ல் அமெரிக்காவில் எலிக்கு, 1954-ல் மனிதருக்கு. மறுவருடம் மாரடைப்பு கண்ட அதிபர் ஐசனோவருக்கே கொடுத்தார்கள். ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை மாதாமாதம் பார்ப்பதை விட்டுவிட்டால் எலிக்கும் நமக்கும் வால்தான் வித்தியாசம்!

கேள்வி: இதய வால்வு மாற்றிய என் அண்ணன் வார்ஃபரின் வகை மாத்திரையான அசிட்ரோம் சாப்பிடுகிறார். மூளையில் ரத்தம் கசிந்தால் மாத்திரையை நிறுத்தினால் போதாதா? (வாசகர், கருவடிக்குப்பம்)

பதில்: போதாது தம்பி. நேற்று விழுங்கியது இன்றும் வேலை செய்யும். மண்டைக்குள் கசிவு பெருகிக்கொண்டே போகும். ஐ.என்.ஆர். 3 இருந்தால் 1.3-க்குக் கீழே உடனே இறக்கப் பார்ப்பார்கள்.

வைட்டமின் கே ஊசி போடுவார்கள். அதை வைத்துக் கல்லீரல் உறைகாரணிகளைச் சமைத்து முடிக்க மணிக்கணக்காகும். அது அரிசி. பி.சி.சி. என்பது வடித்த சோறு: 2, 7, 9, 10 ஆகிய நான்கு காரணிகளும் பொடியாக ஒரே குப்பியில். கரைத்து ஏற்றினால் நிமிடங்களில் பலன். ஆனால் சோறு சீக்கிரம் தீரும். அரிசியும் உலையில் இருக்க வேண்டும்.

பி.சி.சி. கிடைக்காவிட்டால் உறையவைத்த பிளாஸ்மா. உருக்கவே அரைமணி ஆகும். பை பையாக ஏற்றுவதை அண்ணனின் இதயமும் தாங்க வேண்டும்.

கேள்வி: புதுசாக வந்த மாத்திரைகளுக்கு முறிமருந்து? (வாசகர், நெல்லித்தோப்பு)

பதில்: டாபிகாட்ரானுக்கு இடாருசிஸுமாப். பெயர் வாயில் நுழையாது. ரத்தத்தில் நுழைந்தால் நிமிடங்களில் முறிக்கும். அபிக்சபான், ரிவராக்சபானுக்கு ஆண்டெக்சானெட் வந்தது. மூளைக்கசிவைக் கட்டுப்படுத்தியது, ரத்தக்கட்டி அடைப்புகளைக் கூட்டியது என்று 2024-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கரையை உயர்த்தப் போய் வாய்க்காலே தூர்ந்த மாதிரி! பல இடங்களில் பி.சி.சி.தான் கை கொடுக்கிறது.

கேள்வி: ஹெப்பாரின் ஊசிக்கு? (வாசகி, அரியாங்குப்பம்)

பதில்: பன்றிக் குடலில் எடுத்த ஹெப்பாரினுக்கு, சால்மன் மீனின் விந்தில் கண்டெடுத்த புரோட்டமைன். உயிர் ஊசலாடும்போது சைவமேது, அசைவமேது!

கேள்வி: ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்குக் கசிவு என்றால் தட்டணு ஏற்றலாமே? (வாசகர், வில்லியனூர்)

பதில்: எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2016-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று எண்ணிப் பார்த்தது: ஏற்றியவர்களுக்கே மரணமும் முடமும் அதிகம். அவசர அறுவை இருந்தாலொழிய ஏற்றுவதில்லை.

கேள்வி: வார்ஃபரினோடு முருங்கைக்கீரை ஆகாதா? (வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: ஆகும், ஒரே அளவாக. ஒரு வாரம் கட்டுக்கட்டாக, மறுவாரம் பூஜ்யம் என்றால் ஐ.என்.ஆர். ஊஞ்சலாடும்.

கேள்வி: ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்குத் திடீரென்று வாய் கோணினால்? (வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: சோடா வேண்டாம், விபூதி பிறகு, முதலில் 108. பக்கத்திலேயே கோரிமேட்டில் ஜிப்மர்; 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு. சி.டி. ஸ்கேனில் கசிவு தெரிந்தால் டாக்டர் கேட்பது இரண்டு: என்ன மாத்திரை? கடைசியாக எத்தனை மணிக்கு? "சின்னதா, வெள்ளையா இருக்கும் சார்" என்ற பதிலுக்கு முறிமருந்து கிடையாது. அட்டையில் பெயர் அச்சடித்த ஓரத்தைக் கடைசிவரை கத்தரிக்காதீர்கள். பெயர், அளவு, நேரம், கடைசி ஐ.என்.ஆர். நான்கையும் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் ஒன்று, ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று வையுங்கள். இன்றைக்கே.