சூப்பிரண்டு ஐயாவு

கபாலா என்னும் யூத மறைஞானம் பாறசாலைக்காரரின் கைப்பேசிக்குள்ளும் வரக்கூடிய காலம் இது. வந்தால் நம்மவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, "வேலையை விடணுமா?" இரண்டாவது, கபாலாக்காரர்கள் கையில் கட்டும் சிவப்புக் கயிறு களியக்காவிளைச் சந்தையில் கிடைக்குமா என்பது.

பழைய யூத ஆசான்களின் நிபந்தனை வேறு: நாற்பது வயதாகட்டும், கல்யாணம் ஆகட்டும், முதலில் யூத வேதமான தோராவைப் படிக்கட்டும். அந்தக் கணக்கில் கபாலாவின் பெருங்குரு ஐசக் லூரியாவுக்கே அனுமதி கிடைத்திருக்காது. 1572-இல், 38 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். விதி போட்டவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள், தப்பித்தார்.

வேலையை விடணுமா என்பதற்குப் பதில் திருவனந்தபுரம் தைக்காட்டில் இருக்கிறது. ஐயாவு சுவாமிகள் தமிழர். பிரிட்டிஷ் ரெசிடென்சியில் 1873 முதல் சூப்பரின்டென்டென்ட் உத்தியோகம். மனைவி, மக்கள், வெள்ளைக்காரத் துரை, மாதச் சம்பளம் எல்லாம் உண்டு. ஊரார் அவரைச் 'சூப்பிரண்டு ஐயாவு' என்றார்கள். பூமியில் எந்த யோகிக்கும் இதைவிட வறண்ட பட்டம் கிடைத்திருக்காது! அவரிடம் யோகம் கற்றவர்களோ சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும். சட்டம்பி, தலைமைச் செயலகக் கட்டடத்துக்குச் சுமை சுமந்தவர்; பிறகு அங்கேயே குமாஸ்தா. குரு, பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன 'நாணு ஆசான்'. 1888 சிவராத்திரியில் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்து அருவிப்புறத்தில், ஆற்றில் முங்கி எடுத்த கல்லைச் சிவனாக்கியவர். யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை.

ஆகவே அன்பரே, படிப்பதானால் தாராளமாகப் படியுங்கள். எழுதி வைத்திருக்கும் ராஜினாமாக் கடிதத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.