அப்பா அடித்த எட்டு ரிவெட்

என் அப்பாவுக்கும் நட்டு போல்ட்டுக்கும் ஆகாது. "கழட்டலாம்னு தெரிஞ்சா எவனாச்சும் வந்து கழட்டிருவான்" என்பது அவர் கட்சி. இலங்கையில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். (தேயிலைத் தொழிற்சாலைக்கு எங்களிடம் ஸ்டோர் என்றுதான் பெயர். சாமான் வாங்கக் கூடை தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.) வாளிக் கைப்பிடியில் ரிவெட், கதவுத் தாழ்ப்பாளில் ரிவெட், ஆட்டுக் கொட்டில் படலில் ரிவெட். ஒருமுறை குடைக்கம்பி ஆடுகிறது என்று அதிலும் ஒன்றை இறக்கினார். மடக்க முடியாத குடை தோட்டத்திலேயே எங்களிடம் மட்டும்தான் இருந்தது. பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் போடவா என்று கண்டக்டர் கேட்பார்.

அகராதியில் ரிவெட்டுக்குத் தறையாணி என்று நல்ல தமிழ்ப்பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டில் 'ரிவிட் அடிப்பது' என்றால் ஒருவனை வகையாக மாட்டிவிடுவது. என்னைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது அர்த்தமே சரி.

பிரச்சினை வீட்டுத் தகரப் பெட்டியில் வந்தது. மூடியின் இரண்டு பிணைச்சலும் இற்றுப்போய், திறந்தால் மூடி அம்மாவின் விரலைத் தேடி வந்து விழும். புதுப் பிணைச்சல் போட வேண்டும்; அதற்குப் பழையதை எடுக்க வேண்டும். பிணைச்சலுக்கு நான்காக மொத்தம் எட்டு ரிவெட். சாதாரண ரிவெட் மெல்லிரும்பு. கிரைண்டரைக் காட்டினாலே தலை உருளும். அப்பா அடித்தது அந்தச் சாதி இல்லை. லொறியின் யுனிவர்சல் ஜொயின்ட்டில் கழித்துப்போட்ட ஊசி உருளைகளைப் பொறுக்கி வந்து, தணலாகக் காய்ச்சி, துளையில் விட்டு, இரு பக்கமும் குமிழ் அடித்து, சூடு ஆறுமுன் கழிவு ஒயில் நனைத்த சாக்கை மேலே அமுக்கியிருக்கிறார். உருக்குக்கு அப்படித்தான் கடினம் ஏறும். சாக்கு தீப்பிடித்து வேலிவரை போனது தனிக் கதை.

நான் வாத்தியார். ஆனால் விறகுக் கொட்டிலின் பாதியைச் சுத்தம் செய்து 'வேர்க்‌ஷொப்' என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு வைஸ், ஒரு ட்ரில், யூடியூப்பில் பார்த்த இருபது வீடியோ. இது போதாதா?

வேலை தொடங்குமுன் பெட்டியைக் காலி செய்ய வேண்டும். கலியாணச் சேலை, ஈபிஎஃப் புத்தகம், என் பத்தாம் வகுப்பு ரிப்போர்ட் எல்லாம் கட்டிலுக்குப் போயின. ஒரு பை மட்டும் போகவில்லை. பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் பிரஜாவுரிமைப் பத்திரம். "அலமாரியில் வைங்கம்மா" என்றேன். அம்மா பதில் சொல்லாமல் பையை மடியில் வைத்துத் துவாயால் மூடிக்கொண்டு கொட்டில் வாசலில் உட்கார்ந்தார்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்களை எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் ஆக்கிவிட்டது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுக்கும்போதுகூட இப்படி உருண்டையாகக் கணக்கு வராது. அங்கே அரைக் கிலோ, கால் கிலோ என்று ஏதாவது வெட்டுவார்கள். அந்தப் பத்திரம் வீட்டுக்கு வந்த வாரம்தான் அப்பா இந்தப் பெட்டிக்கு ரிவெட் அடித்தாராம்.

முதல் ஞாயிறு. சென்ட்டர் பஞ்சை வைத்து ஓங்கி ஒரு அடி. ரிவெட்டில் பொட்டு விழவில்லை. பஞ்சின் மூக்குத்தான் சப்பையானது. ட்ரில்லைப் போட்டேன். அது நான்கு லயத்துக்குக் கேட்கக் கத்தியது, நாய்கள் பதில் சொல்லின. முனை மழுங்கி நீலம் பாய்ந்த பிட்டை எறிந்துவிட்டு இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. கடையில் வாங்கும் ட்ரில் பிட்டின் கடினம் ராக்வெல் அளவில் ஏறக்குறைய 63. பெயரிங் உருளை 60. மல்லன் மல்லனைக் குடைய முடியுமா? அதிலும் நான் முழு வேகத்தில் ஓட்டினேன், எண்ணெயும் விடவில்லை. அப்பா திண்ணையில் சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை இல்லை.

அவர் மௌனம் சாதாரணமானதல்ல. ஸ்டோர் ட்ரையரின் உடம்பில் பெல்ஃபாஸ்ட் என்று வார்த்திருப்பதை அவர் குலதெய்வத்தின் ஊர்போலச் சொல்வார். அசாம் பக்கம் தேயிலைத் தோட்டம் பார்த்துவிட்டுத் திரும்பிய சாமுவேல் டேவிட்சன் 1881இல் அங்கே தொடங்கியதுதான் இந்த ட்ரையர்களைச் செய்த சிரோக்கோ ஆலை. அதே ஊரில்தான் டைட்டானிக்கையும் சுமார் 30 லட்சம் ரிவெட் அடித்துக் கட்டினார்கள். "அது முழுகிப் போச்சேப்பா" என்று ஒருநாள் வாய் கொடுத்தேன். "முழுகினது கப்பல். ட்ரையர் ஓடுதுல்ல?" கடலடியில் இருந்து எடுத்த ரிவெட்டுகளைச் சோதித்ததில் சிலவற்றின் இரும்பில் கசடு அதிகம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைச் சொன்னபோது, கூட வேலை செய்த எவனோ பிழைவிட்டுவிட்டதுபோல முகம் சுளித்தார்.

ஓய்வு பெற்றபின் ஒருமுறை தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலத்துக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் தூணைத் தட்டித் தட்டி எதையோ தேடினார். "ரிவெட் எங்க?" முதல் உலகப் போருக்கு இரும்பு போய்விட்டதால் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாகவே கட்டி 1921இல் முடித்ததாக ஊரில் சொல்வதை ஒப்பித்தேன். பாலத்தின் மேல் கால் வைக்க மறுத்துவிட்டார். "நூறு வருஷம் நின்னுருச்சேப்பா." "நிக்கட்டும். இன்னும் நாள் இருக்குல்ல."

இரண்டாம் ஞாயிறு கிரைண்டர். தீபாவளி தோற்றது. என் சாரத்தில் ஏழு ஓட்டை, இரண்டு ரிவெட்டுக்குத் தலை போயிற்று. வெற்றி என்று நினைத்துத் தண்டைத் தட்டினேன், அசையவில்லை. சூடாக அடித்த ரிவெட் துளையை அடைத்துப் பெருத்துக்கொள்ளும். தலையை எடுத்தாலும் உடம்பு போகாது. பலமாகத் தட்டினேன். பின்பக்கம் முட்டுக் கொடுக்காததால் தகரம் குழிந்தது. அம்மா துவாயை இன்னும் இறுக்கிக்கொண்டார். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா எட்டிப் பார்த்து, "பெட்டிய யாரும்மா அடிச்சுப் போட்டது?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்திய சனி சாயங்காலம் அப்பா வாயைத் திறந்தார்.

"நெருப்பு காட்டுனியா?"

"இல்லப்பா."

"சூடு வச்சு கட்டுனத சூடு வச்சுத்தான்டா பிரிக்கணும். என்னா வாத்தியாரு நீ."

செங்கல் அடுக்கி, பெட்டியைச் சாய்த்து, பிணைச்சலைச் சுற்றிச் சிரட்டைக் கரி குவித்தோம். ஊதுவதற்கு என் மகளின் தலைமயிர் உலர்த்தி. பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கம்பியில் கட்டி என்னிடம் கொடுத்தார். "தொட்டுப் பாரு. ஒட்டாம விட்டுச்சுன்னா போதும்." சுமார் 770 பாகையில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும் என்று நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அவருக்கு அது கம்பியின் நுனியில் தெரிந்தது. செக்கச்செவேலென்று ஆனதும் அடுப்புச் சாம்பலைக் கூடைகூடையாகக் கொட்டி மூடினார். "இப்ப தொடாத. காலம்பற வரைக்கும் மெதுவா ஆறட்டும். அவசரப்பட்டு தண்ணி ஊத்தினியோ, பழையபடி மொறப்பா ஆயிரும்." நமுனுகுல மலைப் பக்கமிருந்து பனி இறங்கும்வரை இரண்டு பேரும் ஒரு சாம்பல் மேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிறு காலை பஞ்ச் பொட்டு வைத்தது. புது பிட், குறைந்த வேகம், இரண்டு சொட்டு எண்ணெய். வாழைத்தண்டில் இறங்குவதுபோல இறங்கியது. சுருள் சுருளாகப் பிசிறு வந்தது. பின்பக்கம் பெரிய நட்டு ஒன்றை முட்டுக் கொடுத்துத் தட்டினேன். டிங். மறுபடி டிங். பதினொரு மணிக்குள் எட்டும் கீழே கிடந்தன. அப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "அடிச்சவன் நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பதுளை பஜாரில் வாங்கிய பிணைச்சலை எட்டு போல்ட், எட்டு நட்டு வைத்து முடுக்கினேன். இனிமேல் எவனும் கழற்றலாம், ஐந்து நிமிஷ வேலை என்று பெருமையாக விளக்கிவிட்டு ஸ்பானரைத் துடைத்து வைத்தேன். அப்பா தலையாட்டினார். அம்மா பையைப் பெட்டிக்குள் வைத்து, மூடி, திறந்து, மறுபடி மூடிப் பார்த்தார்.

அன்றிரவு தூக்கத்தில் எங்கோ சுத்தியல் சத்தம் கேட்டதுபோல இருந்தது. காலையில் பெட்டியைப் பார்த்தேன். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த எட்டு போல்ட் முனையும் குமிழ் குமிழாகத் தட்டப்பட்டிருந்தன.